சென்டரின் உயரமும் எதிரே நிற்பவரும்

கூடைப்பந்து வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேல்நிலைப் பள்ளி மைதானத்திலும் ஒலிம்பிக் அரங்கிலும் இந்த அளவு மாறுவதில்லை. வளையத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் பந்து கையை விட்டுப் போகிறதோ, அவ்வளவுக்கு அது உள்ளே விழும் வாய்ப்பு கூடும். அதனால்தான் வளையத்தடியில் நிற்கும் நெட்டையான ஆட்டக்காரருக்கு, அதாவது சென்டருக்கு, ஆட்டத்தில் தனி மதிப்பு வந்தது. ஆனால் உயரம் கூடக்கூட இந்த மதிப்பும் கூடிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட முடியாது. ஆறடி இரண்டங்குலச் சென்டர் ஒருவர் மாவட்டப் போட்டியில் எதிரணியைத் திணறடிப்பார். அவரே மாநிலப் போட்டியில் ஒரு குவார்ட்டர் முழுவதும் பந்தைத் தொடாமல் ஓடிக்கொண்டிருப்பார். உடல் அதேதான், எதிரே நிற்கும் ஆள்தான் மாறிவிட்டார். சென்டரின் திறமை என்று பேசப்படுவதில் பெரும்பங்கு, அவர் உடலுக்கும் எதிராளியின் உடலுக்கும் உள்ள வித்தியாசமே.

தேர்வின்போது முதலில் அளக்கப்படுவது உச்சந்தலை வரையிலான உயரம். பந்தைப் பிடிப்பதோ தலை அல்ல. நின்றபடி கையைத் தூக்கினால் விரல்நுனி எட்டும் உயரமும், இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமும்தான் வளையத்தடியில் பயன்படுகின்றன. ஒரே உயரமுள்ள இருவரில் நீண்ட கையும் அகன்ற தோளும் உள்ளவர், மற்றவரைவிட ஒரு சாண் உயரமானவர் போல ஆடுவார். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் டிரேமண்ட் கிரீன் ஆறடி ஆறங்குலம்தான். சென்டர் இடத்துக்கு அது குள்ளம். ஆனால் அவருடைய விரிகை ஏழடியைத் தாண்டும். ஆறடி ஏழங்குலம் இருந்த வெஸ் அன்செல்ட் 1970களில் தம்மைவிட அரையடி உயரமானவர்களை இடுப்பாலும் தொடையாலும் தடுத்து நிறுத்தினார். 1978இல் வாஷிங்டன் அணி பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

தாவும் திறனிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் தாவலில் எவ்வளவு உயரம் எழும்புகிறார் என்பதைவிட, தரையைத் தொட்டதும் இரண்டாவது முறை எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறார் என்பதே ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதை, தீர்மானிக்கும். கனத்த சென்டர் இறங்கி, முழங்காலை மடக்கி, மீண்டும் எழுவதற்குள் மெலிந்த ஃபார்வர்டு பந்தை இருமுறை தொட்டுவிடுவார். பந்து போர்டில் பட்டுத் திரும்பும் முன்பே எதிராளியை முதுகால் தள்ளி இடம்பிடிக்கும் பாக்ஸ் அவுட் தெரிந்திருந்தால், மூன்று நான்கு அங்குலக் குறையை ஈடுகட்டிவிடலாம்.

உயரத்துக்கு உடல் கொடுக்கும் விலை எடையில் தெரியும். ஓர் உடல் எல்லாத் திசையிலும் பத்து விழுக்காடு பெரிதானால் அதன் எடை 33 விழுக்காடு கூடும். அந்த எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ 21 விழுக்காடுதான் கூடும். மிச்சச் சுமை பாதத்திலும் கணுக்காலிலும் முழங்காலிலும் போய் இறங்குகிறது. 2.29 மீட்டர் உயரமுள்ள சீனாவின் யாவ் மிங் 2002இல் முதல் ஆளாகத் தேர்வாகி என்.பி.ஏ.வுக்குப் போனார். பாத எலும்பு முறிவுகளால் 486 ஆட்டங்களோடு 2011இல் முப்பது வயதில் ஓய்வுபெற்றார். அவருக்கு முன் பில் வால்டனின் ஆட்ட வாழ்வையும் பாதம்தான் குறுக்கியது. இருவரிடமும் ஆட்ட அறிவுக்குக் குறையில்லை. எத்தனை ஆட்டங்கள் ஆட முடியும் என்பதை முடிவுசெய்தது பாதத்து எலும்பு.

தமிழ்நாட்டில் இந்தச் சுமை இன்னும் கடுமையாக இறங்குகிறது. தேக்குப் பலகைத் தளம் பெரிய நகரங்களின் உள்ளரங்குகளில்தான் உண்டு. தென்மாவட்டங்களில் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் வளர்வது திறந்தவெளிச் சிமென்ட் தளத்தில். தாவி இறங்கும்போது மரப்பலகை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், சிமென்ட் கொடுக்காது. பதின்மூன்று, பதினான்கு வயதில் எலும்பு வேகமாக நீளும்போது முழங்காலுக்குக் கீழே தசைநார் ஒட்டும் இடத்தில் வலி வருவது நெடுநெடுவென வளரும் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது. சிமென்ட் தரை அதை மோசமாக்கும்.  தேவைப்படுவது ஓய்வு, போட்டிக் காலத்தில் அதுதான் கிடைக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களை வைத்துப் பார்த்தால் சென்டர் எப்படி உருவாகிறார் என்பது விளங்கும். இந்திய ஆணின் சராசரி உயரம் 166 செ.மீ. அருகில். அப்படியிருக்க ஒன்பதாம் வகுப்பில் ஐந்தடி பத்தங்குலத்தைத் தொட்டுவிட்ட மாணவர் பள்ளி அணிக்குள் வந்தால் உடற்கல்வி ஆசிரியர் அவரை நேராக வளையத்தடியில் நிறுத்துவார். அதில் தவறு சொல்ல முடியாது. குறுவட்டப் போட்டி அடுத்த வாரம். எதிரணியில் அவரைவிட உயரமானவர் இல்லை. பந்தை மேலே தூக்கிக் கொடுத்தால் அவர் பிடித்துத் திரும்பிப் போட்டுவிடுவார். அணி வெல்லும். மாவட்டப் போட்டியிலும் இதே உத்தி எடுபடலாம். இப்படி மூன்று நான்கு ஆண்டுகள் போகும்.

அந்த ஆண்டுகளில் அவர் கற்காமல் விட்டவை பிறகுதான் தெரியும். பந்தைத் தட்டிக்கொண்டு மைதானம் கடக்க அவரை விட்டதே இல்லை, அது கார்டுகள் எனப்படும் பந்து நடத்துபவர்களின் வேலை. பதினைந்தடி தூரத்திலிருந்து எறியச் சொன்னதில்லை, வளையத்தடியை விட்டு ஏன் வந்தாய் என்ற அதட்டல்தான் விழும். இடக்கையால் முடிக்கத் தேவை வந்ததில்லை, வலக்கையை மறிக்க யாரும் இல்லாததால். பதினேழு வயதில் வளர்ச்சி நின்று ஆறடி ஓரங்குலத்தில் அவர் மாநிலப் போட்டிக்குப் போனால், அங்கே சென்னை, கோவை அணிகளில் அந்த உயரத்தில் கார்டே இருப்பார். இனி அவரால் சென்டராக ஆட உயரம் போதாது. கார்டாக ஆடக் கைப்பழக்கம் இல்லை. சீக்கிரம் வளர்ந்துவிடும் பிள்ளைகளுக்கு நேரும் இந்த விபத்துக்கு அவர்களுடைய உடல் காரணமல்ல. சின்ன வயதில் அவர்களுக்கு எதிரே தகுந்த ஆள் நிற்காததே காரணம். மாறாக, பத்தாம் வகுப்பு வரை குள்ளமாக இருந்து பந்தைத் தட்டிப் பழகி, பிறகு திடீரென வளர்ந்தவர்தான் எந்த மட்டத்திலும் சமாளிக்கிறார்.

அடுத்த மட்டத்தின் உடல்களைக் கண்ணால் பார்க்கத் தென்மாவட்ட இளைஞருக்கு வாய்ப்பளிப்பவை பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டி, கோவையின் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை போன்றவை. ராணுவ, ரயில்வே, வங்கி அணிகள் அங்கே வரும்போது ஆறடி எட்டங்குலச் சென்டர் எப்படி நகர்கிறார் என்பது பத்தடி தூரத்தில் தெரியும்.

இனி எதிரெதிர் மோதல். சென்டர் வளையத்துக்கு முதுகு காட்டி, எதிராளியைப் பின்னால் வைத்துக்கொண்டு பந்து கேட்பது போஸ்ட் ஆட்டம். எதிராளி தம்மைவிட உயரமானவரானால் ஹூக் ஷாட்டும் ஏமாற்று அசைவும் வேண்டும். குள்ளமான, ஆனால் கனமானவரானால் சிக்கல் வேறு மாதிரி வரும். அவர் கையைத் தூக்குவதில் நேரம் வீணாக்க மாட்டார். தொடையை நெருக்கி, சென்டரை வளையத்திலிருந்து ஓர் அடி, இன்னோர் அடி என வெளியே தள்ளிக்கொண்டே போவார். நான்கடி தூரத்தில் பந்து வாங்கியிருக்க வேண்டியவர் பத்தடியில் வாங்குவார். ஈர்ப்பு மையம் கீழே இருப்பவரை நகர்த்துவது கடினம் என்பதால் நெட்டையான, மெலிந்த சென்டர்களுக்கு இப்படிப்பட்டவரே மோசமான எதிராளி.

மூன்றாவது வகை எதிராளி பின்னால் நிற்கவே மாட்டார். சென்டருக்கு முன்னால் வந்து மறித்துக்கொள்வார். அப்போது பந்து தலைக்கு மேலே தூக்கிப் போடப்பட வேண்டும். அதைச் சரியான உயரத்தில், சரியான நொடியில் போடும் கார்டு இல்லாவிட்டால் ஏழடி ஆளும் பார்வையாளர்தான். பள்ளி ஆட்டங்களில் சென்டர் சோபிக்காமல் போவதற்கு அவரைவிட அந்தப் பாஸைக் கொடுக்கத் தெரியாதவரே பல நேரங்களில் பொறுப்பு. புள்ளிப் பட்டியலில் இது தெரியாது. சென்டருக்கு நான்கு புள்ளி என்று மட்டும் இருக்கும்.

தடுப்பாட்டத்தில் சென்டரைச் சோதிப்பது பிக் அண்ட் ரோல். எதிரணி சென்டர் வந்து, தடுப்பவரின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் போட, கார்டு அதை உரசிக்கொண்டு ஓடுகிறார். தடுக்கும் சென்டர் பின்வாங்கி வளையத்தைக் காத்தால் கார்டுக்கு நடுத்தூர எறிதல் திறந்துகிடக்கும். முன்னால் ஏறி வந்தால் முதுகுக்குப் பின்னால் பந்து போகும். ஆளை மாற்றிக்கொண்டால் கனத்த சென்டர் வேகமான கார்டை வெட்டவெளியில் தனியாக மறிக்க வேண்டும். மூன்றில் எதைத் தேர்வது என்பதைச் சென்டரின் இடுப்பும் கணுக்காலும்தான் முடிவுசெய்கின்றன. பக்கவாட்டில் சறுக்கி நகர முடியாதவரை எதிரணிப் பயிற்சியாளர் ஓயாமல் இந்த ஸ்கிரீனுக்குள் இழுத்துவிடுவார்.

இதற்கு உலகறிந்த உதாரணம் 2021 ஜூன் மாதம் நடந்தது. பிரான்ஸின் ரூடி கோபேர் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை மூன்றாம் முறையாக வாங்கியிருந்தார். அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி மரபான சென்டரே இல்லாமல், ஐவரும் வெளியிலிருந்து எறியக்கூடிய அணியை இறக்கியது. கோபேர் வளையத்தடியைக் காத்தால் மூலையில் ஆள் தனியாக நிற்பார், மூலைக்கு ஓடினால் வளையத்தடி காலி. ஆறாவது ஆட்டத்தில் டெரன்ஸ் மான் 39 புள்ளிகள் எடுத்தார். 25 புள்ளி முன்னிலையைக் கோபேரின் யூட்டா அணி இழந்து தொடரையும் இழந்தது. கோபேரின் கைநீளம் முந்தைய வாரத்திலிருந்து ஓர் அங்குலமும் குறைந்துவிடவில்லை. அதைப் பயன்படுத்தும் இடத்தில் எதிரணி யாரையும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். அவரைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் முதல் வரிசைத் தடுப்பில் யூட்டாவின் கார்டுகள் ஓட்டையாக இருந்ததும் அதே அளவு காரணம்.

விதிகளும் சென்டரின் மதிப்பை ஏற்றி இறக்கியிருக்கின்றன. ஜார்ஜ் மைக்கனின் ஆதிக்கத்தைக் குறைக்க 1951இல் என்.பி.ஏ., தாக்கும் ஆட்டக்காரர் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாத வளையத்தடிப் பகுதியின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டாக்கியது. வில்ட் சேம்பர்லின் காலத்தில், 1964இல், அது பதினாறடியானது. இந்தியாவில் பின்பற்றப்படும் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகள் சில இடங்களில் சென்டருக்குச் சாதகம். என்.பி.ஏ.வில் தடுக்கும் சென்டர் யாரையும் மறிக்காமல் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபிபா ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை, ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் ஜோன் தடுப்பில் நெட்டையானவர் நடுவே ஆட்டம் முழுவதும் நிற்கலாம். எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால், அது வளையத்தின் மேலேயே உருண்டுகொண்டிருந்தாலும் ஃபிபா விதிப்படி தட்டிவிடலாம். கையெட்டும் சென்டருக்கு இது பெரிய வரம். எதிர்ப்பக்கத்தில் ஃபவுல் கணக்கு இருக்கிறது. 48 நிமிட என்.பி.ஏ. ஆட்டத்தில் ஆறாவது ஃபவுலில்தான் வெளியேற்றம், 40 நிமிட ஃபிபா ஆட்டத்தில் ஐந்தாவதிலேயே. இடித்து ஆடும் இடத்தில் நிற்பவர் சென்டர் என்பதால் முதல் குவார்ட்டரிலேயே இரண்டு ஃபவுல் வாங்கி பெஞ்சில் உட்காருபவரும் அவர்தான். அதனால் ஏமாற்று அசைவு தெரிந்த ஒரு சாதாரண ஃபார்வர்டு, தம்மைவிட எல்லா வகையிலும் மேலான சென்டரை ஆட்டத்தைவிட்டே வெளியேற்ற முடியும்.

ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் மட்டும் எதிராளி இல்லை. ஆனாலும் அதுவே ஒரு மோதலாக மாற்றப்பட்டது. ஷகீல் ஓ’நீலை வளையத்தடியில் தடுக்க வழியில்லாத அணிகள் வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவரை ஃப்ரீ த்ரோ எறிய வைத்தன. அவருடைய ஃப்ரீ த்ரோ விகிதம் ஆட்டவாழ்வு முழுவதற்கும் 52.7 விழுக்காடு.

இந்திய உதாரணங்களில் முதலில் வருபவர் பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங். 1995இல் பிறந்து, லூதியானா அகாடமியில் பயின்று, பதினான்கு வயதில் உதவித்தொகையில் புளோரிடா போனவர். ஏழடி இரண்டங்குல உயரம், எடைக்கும் குறைவில்லை, கைகளில் பந்து நன்றாகத் தங்கும். 2015 ஜூன் 25 அன்று டாலஸ் மேவரிக்ஸ் அவரை 52ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனால் அதற்கு ஒன்பது நாள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் அணி பட்டம் வென்றிருந்தது. இறுதித் தொடரின் நடுவே ஏழடிச் சென்டர் ஆண்ட்ரூ போகட்டை முதல் ஐவரிலிருந்து விலக்கி, டிரேமண்ட் கிரீனைச் சென்டராக வைத்து வேகத்தால் வென்ற பட்டம் அது. சத்னாமின் உடல் எந்த ஆட்டத்துக்குப் பொருந்துமோ அந்த ஆட்டம் பழசாகிக்கொண்டிருந்த மாதத்தில் அவருக்குக் கதவு திறந்தது. டாலஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் ஆடினாரே தவிர, என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பக்கவாட்டு நகர்வு போதாது என்பதே அவரைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குறை. இருபது ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் அந்தக் குறைக்கு அவ்வளவு விலை இருந்திருக்காது.

பஞ்சாபி வம்சாவளியினரான கனடாவின் சிம் புல்லர் இன்னும் தெளிவான சோதனை. ஏழடி ஐந்தங்குலம். 2015 ஏப்ரலில் சேக்ரமெண்டோ கிங்ஸுக்காக மூன்றே ஆட்டங்களில் சில நிமிடங்கள் ஆடினார். இந்திய வம்சாவளியினர் ஒருவர் என்.பி.ஏ.வில் ஆடியது அதுவே முதல்முறை. பிறகு தைவான் போனார். அங்கே டாசின் டைகர்ஸ் அணியில் எதிரணிகள் அவரைச் சுற்றியே திட்டம் போட வேண்டியிருந்தது. இடையில் அவர் உயரம் மாறவில்லை. எதிரே நின்றவர்களின் உயரமும் வேகமும் மாறின.

மகளிர் ஆட்டத்தில் கீது அன்னா ஜோஸ். கேரளத்தில் பிறந்து, சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். ஆறடி இரண்டங்குல உயரத்தோடு உள்நாட்டில் அவருக்கு எதிராளியே இல்லை என்ற நிலை நீண்ட காலம் இருந்தது. 2009இல் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் சென்னையில் நடந்தபோது, சீனா, கொரியா போன்ற அணிகள் உயரத்தோடு வேகத்தையும் கொண்டுவந்தன. ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடிய அவர் 2011இல் அமெரிக்க மகளிர் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகளின் தேர்வுக்குப் போனார். அங்கே ஆறடி இரண்டங்குலம் ஃபார்வர்டின் உயரம். இந்தியாவில் பல ஆண்டு வளையத்தடியில் ஆடிப் பழகியவர் சில நாள் தேர்வில் வெளியிலிருந்து ஆடும் ஃபார்வர்டாக மாறிக் காட்ட வேண்டியிருந்தது. ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ராஜபாளையத்துப் பள்ளிச் சென்டருக்கு மாநிலப் போட்டியில் நேர்வதும் இதுவே.

மறுபுறம், பொருத்தம் சாதகமாக அமைந்தால் குறைந்த உயரமும் போதும். 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று வென்றது. அங்கே அம்ஜோத் சிங் ஆறடி எட்டங்குல உயரத்தோடு வெளியிலிருந்தும் எறிந்தார். அவரை மறிக்கச் சீனாவின் நெட்டையர்கள் வளையத்தடியை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது. அமிர்தபால் சிங் ஆறடி பதினோரங்குல உயரத்தோடு உள்ளே இடம்பிடித்தார். பதின்பருவத்தின் இறுதியில்தான் கூடைப்பந்துக்கு வந்த அமிர்தபால் பிறகு ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி வரை போனார். இருவரில் ஒருவர் மட்டும் இருந்திருந்தால் அந்த ஆட்டத்தின் கணக்கு வேறாகியிருக்கும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்ற இணைதான் எதிரணிக்குத் தலைவலி.

தமிழ்நாட்டு அணிகள் வேகத்தாலும் எறிதலாலும் பேர் வாங்கியவை. வளையத்தடிக்கு வெளிமாநிலத்தவரின் உதவியும் தேவைப்பட்டிருக்கிறது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்கும் தமிழ்நாட்டுக்கும் ஆடிய ரிகின் பெத்தானி குஜராத்தைச் சேர்ந்தவர். நெட்டை ஆள் கிடைக்காத சிறு ஊர் அணிக்கு அந்த வழியும் இல்லை. அவ்வணிகள் கையாளக்கூடியவை வேறு. ஆறடிச் சென்டரை வளையத்தடியில் முடக்காமல் ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிறுத்தினால், எதிரணியின் ஆறடி ஐந்தங்குலக்காரர் வெளியே வந்தாக வேண்டும். அவருடைய உயரம் அங்கே பாதிக்குப் பாதிதான் உதவும். முழு மைதானத்திலும் நெருக்கி ஆடினால், கனத்த சென்டர் மூன்றாவது குவார்ட்டரில் மூச்சு வாங்குவார். வெயில் தணியாத மாலையில் திறந்தவெளி மைதானத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சென்டரைப் பாஸ் கொடுப்பவராக வளர்ப்பது இதைவிடக் கடினம், பலனும் இதைவிட அதிகம். செர்பியாவின் நிகோலா யோகிச் தாவலிலோ ஓட்டத்திலோ யாரையும் மிஞ்சாதவர். பந்தை எங்கே அனுப்புவது என்பதில் முந்திக்கொண்டே மூன்று முறை என்.பி.ஏ.வின் மதிப்புமிக்க ஆட்டக்காரரானார்.

மூவர் ஆடும் 3×3 வடிவத்தில் இந்தத் தேவைகள் எல்லாம் கூர்மையாகின்றன. பாதி மைதானம், ஒரே வளையம், எறிய 12 விநாடிதான். ஸ்கிரீன் வந்த மாத்திரத்தில் ஆளை மாற்றிக்கொள்வதே அங்கே வழக்கம் என்பதால், கார்டை மறிக்க முடியாத சென்டருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அதே மாற்றத்தால் அவரை ஒரு குள்ளமான கார்டு மறிக்க நேரும் வாய்ப்பும் அடிக்கடி வரும். அதைப் பயன்படுத்த அவருக்கு இருப்பது நான்கைந்து விநாடி.

ஐவர் ஆட்டத்தில் பயிற்சியாளர் கையில் கடைசியாக மிஞ்சுவது ஆள் மாற்றும் உரிமை. ஃபிபா விதியில் மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடங்களில் எதிரணி கூடையில் பந்து போட்டதும் புள்ளி கொடுத்த அணி ஆளை மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரீ த்ரோ தடுமாறும் சென்டரைத் தாக்குதலுக்கு வெளியே எடுத்து, தடுப்பாட்டத்துக்கும் ரீபவுண்டுக்கும் மீண்டும் உள்ளே அனுப்புவது அந்த நிமிடங்களில்தான். எதிரணி அந்த நேரத்தில் எறியத் தெரிந்த ஐவரை இறக்கியிருந்தால், அந்த மாற்றத்தையும் செய்யாமல் அவரைப் பெஞ்சிலேயே விட்டுவைப்பார்கள்.